வயரைச் சுற்றி வைத்தவர்கள்

தெருவோரத்தில் யாராவது ஒரு மெஷினைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனால், நானும் நீங்களும் அந்த மெஷினைப் பார்ப்போம். என் மனைவி தமயந்தி அதன் வயரைப் பார்ப்பாள்.

"வயரு தரையில தாறுமாறாக் கெடந்தா, கெட்டுப் போச்சுன்னு கோவத்துல வீசுனது. சுத்தி, மடிச்சு, ரப்பர் பேண்டு போட்டு வெச்சிருந்தா, நல்லா இருக்கறதை மனசில்லாம வெச்சது. நம்முளுக்கு ரெண்டாவதுதான் வேணும் மாஸ்டர்."

மாஸ்டர் என்பது நான்தான். முத்துக்கருப்பன், பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். கல்யாணத்துக்கு முன்னால் என்னை அப்படிக் கூப்பிட்டவள், கல்யாணத்துக்குப் பிறகும் மாற்றிக்கொள்ளவில்லை. அவள் இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவள். ஆராய்ச்சிக்கூடத்துக் கருவிகளைச் சரிபார்த்துத் தரும் வேலை. வாரத்தில் ஆறு நாள் அந்த வேலை, ஏழாவது நாள் தெருவோர வேலை. நான் வாங்கிய டிகிரி, அவள் கை காட்டுகிற வாஷிங் மெஷினைத் தூக்கி வேனில் ஏற்றத்தான் உதவியது. சட்டைப் பையில் எப்போதும் கிடக்கிற விசிலுக்கு அந்த உபயோகம்கூட இல்லை என்று அவள் சொல்வாள். அதற்கும் ஒரு நாள் வந்தது, சொல்கிறேன்.

இப்போதெல்லாம் மெஷின் வரும்போதே ஆயுள் எழுதப்பட்டு வருகிறது. நாள் முடிந்ததும், நம் வீட்டில் யாரும் பேசாத சுத்தமான தமிழில், "தங்கள் கருவி தன் ஆயுளை நிறைவு செய்தது. உடனிருந்தமைக்கு நன்றி" என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். அடித்தாலும் உதைத்தாலும் அசையாது. கல்யாணமான புதிதில் எங்கள் மிக்சி இப்படி விடைபெற்றபோது, நான் ஒரு அறிவாளிக் கேள்வி கேட்டேன்.

"மோட்டாரு நல்லாத்தானே இருக்கு? கழட்டி வேற மிக்சில மாட்டுனா என்ன?"

"ஓடாது மாஸ்டர். ஒவ்வொரு பார்ட்டுக்குள்ளயும் ஒரு ஜாதகம் வெச்சிருக்கான். எந்தக் கம்பெனி, எந்த வம்சம், எந்த மெஷினோட பொறந்துச்சுன்னு. கரண்டு குடுத்ததும் உள்ள இருக்கற மூளை ஒவ்வொண்ணையா விசாரிக்கும், நீ நம்ம ஆளான்னு. இல்லீன்னு தெரிஞ்சா மொத்தத்தையும் நிறுத்திப்போடும்."

"மோட்டாரு ஒத்துக்கிட்டாலுமா?"

"மோட்டாருக்கு ஒரு வீம்பும் கெடையாது. எவன் கரண்டு குடுத்தாலும் சுத்தும். வால்வு, பைப்பு, பெல்ட்டு எதுவும் கேக்கறதில்ல. கேக்கறது மூளை மட்டுந்தான்."

சொல்லிவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவளுடைய அப்பா எங்கள் கல்யாணத்துக்கு வராமல் போய் அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நான் எந்த ஜாதி, அவர்கள் எந்த ஜாதி என்று இங்கே எழுதப்போவதில்லை. பொருந்தாதவை என்று அவருடைய மூளை சொல்லிவிட்டது. மற்ற உறுப்புகளை யாரும் கேட்கவில்லை.

அந்த மூளையை வழிக்குக் கொண்டுவரத்தான் தமயந்தி ஒரு வழி கண்டுபிடித்தாள். அதற்குள் பொத்தான் அளவுக்கு ஒரு பேட்டரி இருக்கும். ஞாபகமெல்லாம் அதன் தயவில்தான். அதைக் கழற்றிவிட்டு ஒரு ராத்திரியும் ஒரு பகலும் சும்மா போட்டு வைத்தால், மூளை தன் வம்சத்தை மறந்துவிடும். மறுபடி கரண்டு கொடுக்கும்போது எந்தெந்தப் பாகங்கள் எதிரே இருக்கின்றனவோ, அவற்றையே சொந்தம் என்று எழுதிக்கொள்ளும். "எல்லாத்தையும் ஒட்டுக்கா எழுப்போணும். ஒண்ணு முந்தி எழுந்திருச்சா அது பெரிய மனுசன் ஆயிரும்" என்பாள்.

எங்கள் தெருவில் வந்து பாருங்கள். வாஷிங் மெஷின் மோட்டாரில் சுற்றும் இட்லி மாவு கிரைண்டர், ஃபிரிட்ஜின் உடம்பும் ஏர்கூலரின் விசிறியும் சேர்ந்த காய்கறிப் பெட்டி, படிக்கட்டு ஏற முடியாத ஒரு அம்மாளுக்கு மூன்று வகை ட்ரெட்மில்லிலிருந்து பிறந்த ஒரு தூக்கி. எல்லாம் வேறு வேறு கம்பெனி, எல்லாம் சண்டையில்லாமல் ஓடுகின்றன. முதலில் அவளைக் குப்பை பொறுக்கி என்றவர்கள், இப்போது மிக்சி நின்றுபோனால் செருப்புக்கூடப் போடாமல் ஓடிவருகிறார்கள். அவள் அவர்களுக்குப் பழைய பேச்சை ஞாபகப்படுத்திவிட்டுத்தான் மெஷினைத் தொடுவாள். அடக்கம் என்பது அவளிடம் மருந்துக்கும் கிடையாது. எனக்கு அது பிடிக்கும். கை இவ்வளவு பேசுகிறபோது வாய் கொஞ்சம் பேசினால் என்ன?

காப்புக்கட்டு நாள் அவளுக்குத் தீபாவளி மாதிரி. மற்ற ஊர்க்காரர்கள் போகி என்கிற அந்த நாளில், கோயமுத்தூரில் வீட்டைக் கழுவி, பழசை வெளியேற்றி, சாயங்காலம் வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சேர்த்துக் கொத்தாகக் கட்டி வீட்டுக் கூரையில் செருகுவார்கள். பழசை எரிக்கிற வழக்கம் போய்விட்டது. எல்லாவற்றையும் தெருமுனையில் வைத்துவிடுவார்கள், மாநகராட்சி லாரி வந்து அங்கேயே நொறுக்கி எடுத்துப் போகும். லாரி வருவதற்குள் ஊரில் பாதியையாவது பார்த்துவிட வேண்டும் என்பது தமயந்தியின் ஆசை.

அந்த வருஷக் காப்புக்கட்டு அன்று, ஒன்பது வயது மகள் செந்தளிரை எதிர் வீட்டுப் பிள்ளைகளோடு கோலம் போட விட்டுவிட்டு நாங்கள் வேனில் கிளம்பினோம். சவுரிபாளையத்திலேயே நல்ல வேட்டை. ஒரு அபார்ட்மென்ட் வாசலில் பாத்திரம் கழுவும் மெஷின், வயர் அழகாகச் சுற்றிய நிலையில். அடுத்த தெருவில் ஒரு வாஷிங் மெஷின். இரண்டையும் ஏற்றி முடித்து நான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவளுடைய தம்பி நவநீதன் போன் செய்தான்.

"அக்கா, அப்பாவோட மூச்சு மெஷின் நின்னுபோச்சு. ஆயுள் முடிஞ்சுதுன்னு சொல்லுது."

அவளுடைய அப்பா சென்னியப்பன் கணபதிப் பகுதியில் இரும்பை உருக்கி வார்க்கும் வார்ப்படப் பட்டறை வைத்திருந்தவர். முதலாளி என்று நாற்காலியில் உட்காராமல், ஆட்களோடு ஆளாக அச்சுமணலில் நின்று வாழ்ந்ததில் அந்த மணல் தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது. இரண்டு வருஷமாகக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின்தான் அவருக்கு மூச்சு.

"கம்பெனில பேசுனயா?"

"லீவு முடிஞ்சுதான் புதுசு வருமாமா. ஆஸ்பத்திரி சிலிண்டர் ஒண்ணு வாங்கி வெச்சிருந்தேன். மூணு மணி வரைக்கும் தாங்கும். இன்னொண்ணு எங்க கேட்டாலும் இல்லீங்கறாங்க."

"அப்ப ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ, போனைப் புடிச்சுட்டு நிக்கற?"

"வரமாட்டீங்கறாருக்கா. இன்னிக்குக் காப்புக் கட்டோணுமாமா. தூக்கிட்டுப் போனா வழியிலயே மூக்குல இருக்கறதைப் புடுங்கிப்போடுவேங்கறாரு."

காப்புக் கட்டிவிட்டால் அந்த ராத்திரி வீட்டு ஆள் யாரும் வேறு இடத்தில் தங்கக்கூடாது. கோயில் நோன்புக் காப்புக்குத்தான் உண்மையில் அந்தக் கட்டுப்பாடு. என் மாமனார் அதைப் பொங்கல் காப்புக்கும் சேர்த்துப் போட்டு, பட்டறை ஆட்களிலிருந்து பெற்ற பிள்ளைகள் வரை எல்லோரையும் அதில் கட்டி வைத்திருந்தார். அவர் சட்டம் வைத்தால் வைத்ததுதான். மகள் விஷயத்திலும் அப்படித்தான்.

தமயந்தி போனை அணைத்தாள். "வண்டியைத் திருப்புங்க மாஸ்டர்" என்றாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் அந்தத் தெருவுக்குள் போனதில்லை.

கணபதியில் அந்தத் தெருமுனையில் காப்புக்கட்டுக் குவியல் ஆள் உயரத்துக்கு இருந்தது. அவ்வளவு அவசரத்திலும் அவள் கண் போகிற இடத்துக்குப் போனது. குவியலை விட்டுத் தள்ளி, மர நிழலில், இரண்டு செங்கல் வைத்து அதன்மேல் ஒரு அட்டைப்பெட்டி. பெட்டியின்மேல் தானாக ஆடும் தொட்டிலின் படம். நான்கு பக்கமும் கயிறு கட்டி, மேலே ஒரு சாக்கை வேறு போர்த்தியிருந்தார்கள்.

"செங்கல் வெச்சு வெக்கறாங்க பாருங்க" என்றாள். "மனசில்லாம வெச்சதுலயே இதுதான் பெருசு." வேன் அதைத் தாண்டிப் போய்விட்டது.

சென்னியப்பன் முன்னறையில் ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தார். போட்டோவில் பார்த்த மீசையும் தோளும் எங்கேயோ போய், எலும்புக்கு மேல் ஒரு வெள்ளைச் சட்டை மட்டும் ஏறி இறங்கியது. ஜன்னல் கம்பி வழியாக மகளைப் பார்த்தார். சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மூச்சு வாங்குகிற மனிதர்மேல் கோபப்படுகிறோமே என்று என்மேலும் சேர்த்துக் கோபம் வந்தது. தமயந்தி படியேறவில்லை. போர்ட்டிகோவில் சாக்கை விரித்து உட்கார்ந்து, "மெஷினை இங்க எடுத்துட்டு வாடா" என்றாள்.

வாசலிலேயே பிரசவம் பார்க்கிறவள் போல அவள் அதைப் பிரித்தாள். எல்லாம் பசை போட்டு ஒட்டிய உடம்பு, ஸ்க்ரூ ஒன்றுகூட இல்லை. ஹேர் டிரையரால் சுட வைத்து, தேய்ந்த கரண்டிக் காம்பால் நெம்பி, ஒரு விரிசல் விழாமல் திறந்தாள். நவநீதன் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"காத்தை அமுக்கற மோட்டாரு கல்லு மாதிரி இருக்குது. இத பாரு, இந்த ரெண்டு குழாய்க்குள்ள இருக்கற உருண்டைதான் நைட்ரஜனைப் புடிச்சுக்கிட்டு ஆக்சிஜனை விடறது. பாதி வேலை செத்துப்போச்சு. வால்வும் போச்சு. மூளை... மூளைக்குத் தேதி முடிஞ்சுது."

"உருண்டைக்கு எங்கக்கா போறது?"

"வேனுக்குப் போ. பாத்திரம் கழுவற மெஷின்ல பாத்திரம் காயறதுக்குன்னு இதே மாதிரி உருண்டை ஒரு டப்பா வெச்சிருப்பான். ஈரத்தை இழுக்கறதுக்கு. அதுவே காஞ்சு கெடந்தா நைட்ரஜனையும் இழுக்கும்."

நான் வேனிலிருந்து இரண்டு மெஷினையும் இறக்கினேன். உருண்டைகள் வந்தன, ஆனால் ஈரத்தோடு. அவற்றை வறுக்க வேண்டும். அடுப்பு உள்ளே இருந்தது. அவள் உள்ளே போகமாட்டாள், அவராகக் கூப்பிடவும் மாட்டார். கடைசியில் நவநீதன் சமையலறையில் இரும்புச் சட்டியை வைத்து வறுக்க, இவள் வாசலிலிருந்து கத்தினாள்.

"ரவை வறுக்கற மாதிரி கிண்டிட்டே இரு! நிறம் மாறக்கூடாது! சட்டிக்கு மேல தட்டைப் புடிச்சுப் பாரு, ஆவி ஒட்டுதா?"

"ஒட்டுதுக்கா!"

"ஒட்டாம போற வரைக்கும் வறு!"

ஜன்னலுக்குள் அந்த மனிதருக்கு எல்லாம் கேட்டிருக்கும். நெஞ்சில் மணல் ஏறியவருக்கு, சமையலறையில் மணல் வறுபடுகிற மாதிரி சத்தம். அதற்குள் இவள் வாஷிங் மெஷினில் தண்ணீர் திறந்து மூடும் வால்வுகளை எடுத்துக் கழுவி, குழாய்களோடு பொருத்தி, முகக்கவசத் துணியை நான்கு மடிப்பாக மடித்து வடிகட்டி செய்துவிட்டாள். "ஒரு தூசி போகக்கூடாது. இருக்கற தூசியே போதும்" என்று முனகினாள். அவள் விரல்கள் போன வேகத்தை நான் எப்படி எழுதுவேன்? வேறு வேறு வீட்டிலிருந்து வந்த பொருள்கள் அவள் மடியில் ஒரு குடும்பம் ஆகிக்கொண்டிருந்தன.

உருண்டை தவிர மற்றதெல்லாம் தயாரானபோது அவள் கை நின்றது.

"மூளை இல்லை மாஸ்டர்."

"எறக்குன ரெண்டு மெஷின்லயும் இருக்கே?"

"ரெண்டும் வம்சத்தை மறக்க ஒரு ராத்திரி ஒரு பகல் வேணும். இப்பவே மாட்டுனா, நீ யாருன்னு கேட்டு நிறுத்திப்போடும்." ஜன்னல் வழியாகச் சிலிண்டரின் முள்ளைப் பார்த்தாள். அது சிவப்பை நெருங்கியிருந்தது. "பெருசா ஒண்ணும் வேண்டாம். இந்தக் குழாய்க்கு ஒருக்கா, அந்தக் குழாய்க்கு ஒருக்கா, ஒரே சீரா மாத்தி மாத்தி ஆட்டிட்டே இருக்கோணும். அவ்வளவுதான் வேலை. அதுக்கு ஒரு மூளை கெடைக்க மாட்டீங்குது."

என் மனைவி பேச்சில்லாமல் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். கண்ணில் தண்ணீர் நின்றது. துடைக்காமல், மூளை இருந்த காலிச் சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மாத்தி மாத்தி ஆட்டுவது. எனக்குச் சட்டென்று உறைத்தது. அவளுக்கும் அதே கணம் உறைத்திருக்க வேண்டும், நிமிர்ந்து பார்த்தாள்.

"தொட்டில்!" என்றாள். "மாஸ்டர், ஓடுங்க!"

ஓடுவதற்குத்தானே படித்தேன். தெருமுனைக்குப் போனபோது லாரி வந்துவிட்டிருந்தது. அதன் இரும்புக் கை குவியலில் பாதியை விழுங்கிவிட்டு, நிழலில் இருந்த அந்தப் பெட்டியின் பக்கம் திரும்பியது. கத்தினேன். நொறுக்குகிற சத்தத்தில் எங்கே கேட்கும்? பையிலிருந்து விசிலை எடுத்து, பள்ளி மைதானமே திரும்பிப் பார்க்கிற ஊதல் ஒன்று ஊதினேன்.

இரும்புக் கை அந்தரத்தில் நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "என்னங்க சார், போலீஸுங்களா?"

"வாத்தியாருங்க" என்றேன். அதற்குள் பெட்டி என் தோளில் இருந்தது. பெட்டி கனத்தது. பிரிக்காத பெட்டி.

வாசலில் கொண்டுபோய் இறக்கியபோது நவநீதன் உள்ளே இன்னும் வறுத்துக்கொண்டிருந்தான். தமயந்தி கயிற்றை அவிழ்க்கப் பார்த்தாள். முடிச்சுமேல் முடிச்சு, அவள் நகம் ஒன்று உடைந்தது. நான் தற்செயலாக ஜன்னலைப் பார்த்தேன். சென்னியப்பன் இந்தப் பக்கம் திரும்பியிருந்தார். பெட்டியையே பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். வலி போலிருக்கிறது என்று நினைத்தேன்.

உள்ளே பாலித்தீன் உறைகூடக் கிழிக்காத தொட்டில். அடியில் உள்ளங்கை அளவு மூளை. அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து மூச்சை இழுத்தாள்.

"ஒரு தடவைகூடக் கரண்டைப் பாக்கலை மாஸ்டர். ஆயுளே இன்னும் ஆரம்பிக்கலை. இதுக்கு மறக்கறதுக்கு ஒண்ணுமில்ல. யாரையும் விசாரிக்கவே தெரியாது."

வறுத்த உருண்டைகள் ஆறி வந்தன. குழாய்களில் நிரப்பி, மூடி, இறுக்கி, வயர்களைச் சேர்த்தாள். சிலிண்டர் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. "எல்லாம் ஒட்டுக்கா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சுவிட்சைப் போட்டாள்.

பச்சை விளக்கு எரிந்தது. மோட்டார் ஓடவில்லை. கம்பெனிக்காரப் பெண்ணின் குரல் ஒன்று, அதே சுத்தத் தமிழில் பேசியது.

"வணக்கம். தங்கள் இல்லத்தின் புது வரவுக்கு வாழ்த்துகள். குழந்தையின் பெயரைச் சொல்லுங்கள்."

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். இப்படி ஒன்று கேட்கும் என்று யார் எதிர்பார்த்தது? "குழந்தையின் பெயரைச் சொல்லுங்கள்" என்று அது மறுபடி கேட்டது. ஏதாவது ஒரு பெயரைச் சொல்லித் தொலைக்கலாம் என்று தமயந்தி வாயைத் திறந்தாள்.

"செந்தளிர்."

சொன்னது அவள் இல்லை. நானும் இல்லை. ஜன்னலுக்கு உள்ளேயிருந்து வந்தது. மூக்குக் குழாயைக் கையால் விலக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சைச் சேர்த்துச் சேர்த்து, ஆனால் ஒரு எழுத்துப் பிசகாமல் சென்னியப்பன் சொல்லியிருந்தார்.

என் மகளின் பெயரை முதல் தடவை கேட்கிற யாரும், என்ன பேரு என்று இன்னொரு தடவை கேட்பார்கள். இவரோ பல நாள் தனக்குள் சொல்லிப் பழகியவர் மாதிரி சொன்னார். இந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் எடுக்கக்கூடாது என்பது உத்தரவு என்று நவநீதன் எங்களிடம் சொல்லியிருக்கிறான். "சத்தியமா நான் சொல்லலைக்கா" என்று இப்போது முணுமுணுத்தான்.

"செந்தளிர். அழகான பெயர். இனி இனிய உறக்கம்" என்றது குரல். மோட்டார் எழுந்தது. இந்தப் பக்கம் ஒரு வால்வு திறந்து மூடியது, அந்தப் பக்கம் ஒன்று திறந்து மூடியது. தொட்டில் ஆடுகிற தாளம்தான், தொட்டில் மட்டும் இல்லை.

தமயந்தி அழுதுகொண்டேதான் வேலையை முடித்தாள். சிலிண்டரை விட்டுத் தள்ளி, வாசலுக்கு வெளியே குழாயின் நுனியைக் கொண்டுபோய், கனன்ற ஊதுபத்தியை அதன்முன் காட்டினாள். பத்தி குப்பென்று சுடர்விட்டு எரிந்தது. அதை அணைத்து மிதித்துவிட்டு, தான் முதலில் மூக்கில் வைத்து நன்றாக இழுத்துப் பார்த்தாள். பிறகு குழாயை ஜன்னல் கம்பிக்குள் நீட்டினாள். நவநீதன் வாங்கி மாட்டினான். அவர் விரலில் மாட்டியிருந்த கிளிப்பில் எண் தயங்கித் தயங்கி ஏறியது. அவர் உதட்டுக்கு நிறம் வர ஆரம்பித்தது.

பல வீட்டார் வெளியே வைத்த பாகங்கள், ஒன்றின் ஜாதகம் ஒன்றுக்குப் பொருந்தாதவை, அந்த மனிதருக்கு மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தன. இதைச் சொல்லிக் காட்ட என் நாக்கு துடித்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே பேசினார். சுவரைப் பார்த்துத்தான் பேசினார்.

"அந்தப் பொட்டியைக் காலையில வெளிய வெச்சது நாந்தான்."

நவநீதன் திடுக்கிட்டான். "மச்சுமேல இருந்ததுங்களாப்பா? நீங்களேவா இறக்குனீங்க? அதனாலதான் இத்தனை மூச்சு வாங்குச்சா?"

தமயந்தி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்பங்கப்பா வாங்குனீங்க?"

"புள்ள பொறந்த அன்னிக்கு."

"இத்தனை வருசம் வெச்சிருந்துட்டு, இப்ப எதுக்குங்க வெளிய வெச்சீங்க?"

வால்வுகள் மாறி மாறித் திறந்து மூடின.

"புள்ளைக்கு ஒம்பது வயசாயிருச்சு" என்றார். "இனி தொட்டில் எதுக்கு?"

எனக்குக் கண் கலங்கியது. பன்னிரண்டாம் வகுப்புப் பையன்களை வெயிலில் ஓடவிடுகிற ஆளுக்கு இது அழகா என்று நீங்கள் கேட்கலாம். கலங்கியது, எழுதிவிட்டேன். அந்த மனிதரை எனக்கு இன்றும் முழுசாகப் பிடிக்காது. ஆனால் செங்கல் வைத்து, கயிறு கட்டி, சாக்குப் போர்த்திவிட்டு, மூச்சு இரைக்க இரைக்க அந்தத் தெருவில் தனியாகத் திரும்பி நடந்திருப்பாரே, அந்தக் காட்சியை என்னால் தள்ளிவிட முடியவில்லை.

தமயந்திக்கு ஒருவழியாகப் பேச்சு திரும்பியது. "அதுக்குன்னு அத்தனை முடிச்சாங்க போடுவாங்க? அவுக்கறதுக்குள்ள என்ற நகமே போச்சு" என்றாள். அவர் உதட்டோரம் ஒரு பக்கம் அசைந்தது.

வெயில் தாழ்ந்தது. அக்கம்பக்கத்து வீடுகளில் காப்புக் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நவநீதன் வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சேர்த்த கொத்தோடு ஸ்டூலை இழுத்துப்போட்டான்.

"அப்பா, கட்டிரட்டுங்களா?"

"இரு" என்றார்.

"நேரமாகுதுங்கப்பா."

"கட்டிட்டா ராத்திரி இந்த வூட்டு ஆளுக யாரும் வெளிய தங்கக்கூடாது. தெரியுமல்ல?" ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது. "எல்லாரும் வந்து சேருட்டும். பொறவு கட்டலாம்."

அதன்பிறகு, அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, அவர் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார்.

"வண்டி இருக்குதல்லங்க?" என்று கேட்டார்.

"இருக்குதுங்க மாமா" என்றேன்.

எதிர் வீட்டு வாசலில் செந்தளிர் இன்னும் கோலப்பொடிக்குச் சண்டை போட்டுக்கொண்டுதான் இருப்பாள். ராத்திரிக்கு மாற்றுத்துணி மூன்று பேருக்கும் எடுத்துவரச் சொல்லி தமயந்தி சாவியை என்னிடம் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டு, படியேறி உள்ளே போனாள்.